குறட்டை மெஷினும் பங்களாக் குசினியும்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கால் இரண்டையும் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். மடித்து வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் படித்தேன். மாதக் கடைசியில் நான் பங்களா வேலையை விடப்போகிறேன் என்று தெரிந்ததும், என் இடத்துக்கு உன் பெண்டாட்டி செல்வியை அனுப்பச் சொல்லித் துரைசாணி உனக்கு ஆள் விட்டிருக்கிறார். உனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டிருக்கிறது. பங்களாக் குசினிக்குப் பின்னால் நான் படுக்கிற காம்பரா நம் கையை விட்டுப் போகாது, ஹட்டனில் நீங்கள் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டிருக்கும் அந்த ஒழுகல் அறையைக் காலி பண்ணிவிடலாம், பிள்ளை பிறக்கும்போது செல்விக்குத் துணையாக நானும் பக்கத்திலேயே இருப்பேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். உன் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரிதான். ஆனால் என் பதில் வேண்டாம் என்பதுதான். செல்வி அந்தக் குசினிக்கு வரக்கூடாது. இதை மட்டும் எழுதிப் போட்டால் நீ அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்து சண்டை பிடிப்பாய். சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். கடையைப் பூட்டிய பிறகு ஆற அமர வாசி. செல்விக்கும் வாசித்துக் காட்டு, இது அவளுடைய காரியம்.

நான் பங்களாவுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். மழையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து முழங்கால் போன பிறகு, மலையேற முடியாமல் லயத்தில் நம் ஒற்றைக் காம்பராவில் கிடந்தேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் உன் அப்பா, வேலை பிரிக்கிற கண்டாக்கையாவிடம் கெஞ்சி நின்றதைப் பார்த்து, அவர்தான் பாவப்பட்டு என்னைப் பங்களாவில் சேர்த்துவிட்டார். மலையில் போன முழங்காலை வைத்துக்கொண்டு பங்களாத் தரையில் மண்டியிட்டு மெழுகு தேய்த்தேன். நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் மழையில் நனைய வேண்டியதில்லை, அட்டை கடிக்காது, மிச்சம் மீதி நல்ல சாப்பாடு. அந்த மணி ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் காலால் மிதிக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை மிதித்தால் சமையல் நடக்கிற குசினியில் மணி அடிக்கும். இத்தனை வருஷத்தில் நான் அங்கே ஒரு கோப்பை தேத்தண்ணியை முழுசாகக் குடித்ததாக ஞாபகம் இல்லை. நின்றுகொண்டு பாதி குடிக்கும்போதே மணி அடித்துவிடும். ஆறிப்போன மிச்சத்தைப் பாத்திரம் கழுவும்போது ஊற்றிவிடுவேன்.

இப்போது தோட்டத்தை நடத்தும் இந்தத் துரைதான் அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு வந்த மூன்றாவது துரை. அவர் பங்களாவில் டெலிவிஷன் வைத்த வருஷம் அந்த மெஷின் வந்தது, நினைவிருக்கிறதா? துரைசாணியின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. வயர் இல்லாமல் ஓடும், வாத்து அலகு மாதிரி வாயை வைத்துக்கொண்டு தூசியெல்லாம் உறிஞ்சும். வேலை முடிந்ததும் சுவரில் அதற்கென்று இருக்கிற தாங்கியில் மாட்டிவிட வேண்டும். அங்கே கரண்டு குடித்துக்கொண்டு கிடக்கும். முதல் நாள் நான் வீட்டுக்கு வந்து அந்தச் சத்தத்தைச் செய்து காட்டியபோது, நீ உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்து அதற்குக் குறட்டை மெஷின் என்று பேர் வைத்தாய். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சோபாவுக்கு அடியில் கிடக்கும் நாய் மயிரைக் குனியாமல் எடுத்துவிடலாம். மெஷின் நல்லா ஓடிய நாளெல்லாம் என் முழங்காலுக்கும் ஓய்வு கிடைத்தது.

பிறகு அது சோர்ந்துபோக ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கத் தாங்கியில் கிடந்தாலும், காலையில் எடுத்து ஒரு மூலையைக் கூட்டுவதற்குள் முனகி நின்றுவிடும். துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில், “நீ ஒழுங்கா மாட்றது இல்ல. இது நல்ல சாமான். ஒடைச்சா திரும்ப மலைக்கு அனுப்பச் சொல்லுவேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்தக் காலை வைத்துக்கொண்டு மலையில் நான் அரை நாள் தாங்க மாட்டேன். பேர் வெட்டி வேலையை விட்டே நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத் தூக்கமே இல்லை. அந்த வாரம் துரையும் துரைசாணியும் கொழும்புக்குப் போனார்கள். மெஷினைத் தாங்கியோடு கழற்றித் துண்டில் சுருட்டி லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உன் அப்பா அப்போது கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார். அந்த அடுப்போரத்து இரும்புத் தட்டு எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். லயத்தில் யார் வீட்டு டோர்ச் மங்கினாலும் பேட்டரியைக் கழற்றி அவரிடம்தான் கொடுப்பார்கள். தட்டில் வைத்துச் சூடு காட்டிக் கொடுத்தால் இன்னும் சில நாள் எரியும். பேட்டரி டாக்டர் என்று எல்லோரும் கேலி பண்ணுவார்கள், அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேறு எதற்கும் யாரும் அவரைத் தேடி வந்ததில்லையே. அவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இந்தா புள்ள, இதுக்குப் போயா அழுவுற? உள்ள பேட்டரிதான இருக்கு? குளுரு புடிச்சிருக்கும். ஒரு ராவு நம்ம அடுப்புக்கிட்ட வச்சா தெளிஞ்சிரும்.”

“என்னங்க, இது டோர்ச் பேட்டரி மாதிரி இல்லீங்க. கரண்டு குடிக்கிற பேட்டரின்னு சொல்றாங்க.”

“எதக் குடிச்சா என்னா, எல்லாத்துக்கும் சூடு வேணும்ல?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கத்தி முனையால் நெம்பி மெஷின் வயிற்றைத் திறந்தார். நாலு கட்டை பேட்டரி, ஒன்றோடொன்று தகட்டால் ஒட்டி, நீலத் தோல் போர்த்திக்கொண்டு ஒரே பொட்டலமாக இருந்தது. வயரை அறுத்து எடுத்துப் பொத்திக்கொண்டு போனார். மறுநாள் காலை வேலை முடிந்து வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். துண்டைப் பிரித்தேன். நீலத் தோல் சுருங்கிக் கருகியிருந்தது. ஒரு பேட்டரி வயிறு ஊதி, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. “என்னமோ ஆயிருச்சு புள்ள” என்றார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். லயம் முழுக்கக் கேட்டது. துண்டை எடுத்து மறுபடியும் மூடி வைத்தார் அவர். அதற்குப் பிறகு யார் டோர்ச் பேட்டரி கொண்டுவந்தாலும், “இப்பல்லாம் அடுப்புல சூடு பத்தாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பேட்டரி டாக்டர் என்று கூப்பிடுவதையும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பஸ் ஏறி ஹட்டனுக்கு உன்னிடம் வந்தேன். நீ அந்த ரேடியோக் கடையில் வேலை பழகி முடித்து, தனி மேசை கிடைத்திருந்த சமயம். உன் முதலாளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்கம்மா” என்றார். நீ மட்டும், “கொடும்மா, பாப்போம்” என்றாய். அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக உன் வேலையைப் பார்த்தேன். ஸ்டூலைப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாய். கருகின தோலை பிளேடால் கீறி உரித்தாய். மீட்டர் கம்பிகளை ஒவ்வொரு பேட்டரியிலும் தொட்டாய். இரண்டில் முள் ஏறியது, ஒன்றில் சோம்பலாக அசைந்தது, ஊதிப்போனதில் அசையவே இல்லை. “ரெண்டு நல்லாருக்கும்மா. ஒண்ணு சுமாரு, ஒண்ணு செத்துப்போச்சு. எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கட்டியிருக்கிறதால, ஒண்ணு படுத்தா நாலும் படுத்துரும்” என்றாய். பயப்படாதே, அதை வைத்து உனக்குக் குடும்பப் பாடம் நடத்தப் போவதில்லை. பேட்டரி பேட்டரிதான், மனிதர் மனிதர்தான்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி கொஞ்சம் வாங்கி வரச் சொன்னாய். துணியை அதில் நனைத்து, கையில் படாமல் அந்த வெள்ளை உப்பையெல்லாம் துடைத்தாய். உன் மேசை லாச்சியில் யாரோ விட்டுப்போன உடைந்த வெளிநாட்டு டோர்ச் கிடந்தது, அதுவும் கரண்டு குடிக்கிற வகைதான். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அதிலிருந்து அதே பருமனில் இரண்டு பேட்டரிகளைக் கழற்றினாய். ஈயம் பற்றவைக்கும்போது பேட்டரி மேல் வைக்காமல், ஒட்டியிருந்த தகட்டு நுனியில் மட்டும் பட்டும் படாமல் வைத்து எடுத்தாய். “சூடு கூடிப்போனா இதுவும் போயிரும்மா, அப்பாகிட்டப் போன மாதிரி” என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் நின்ற அந்த மனுஷன் முகம்தான் வந்தது. நீலத் தோலுக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினாய். கரண்டில் போட்டுவிட்டு, நடுநடுவே புறங்கையை வைத்துச் சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. பொழுது சாயும் நேரம் பொத்தானை அமுக்கினாய். மெஷின் குறட்டை விட்டது. கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வேலை பிழைத்ததற்காக மட்டும் இல்லை, என் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று.

சத்தமில்லாமல் கொண்டுபோய் மாட்டிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். நீ விடவில்லை. “ஓடும்மா, ஆனா முந்தி மாதிரி ரொம்ப நேரம் ஓடாது. அத நானே வந்து தொரசாணிகிட்ட சொல்றேன்” என்றாய். சொன்னபடி வந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாய். அடுப்பில் வைத்த கதையைக் கேட்டுத் துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தார். உன் தோளில் தட்டி, ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்தார். நீ அதைத் தூக்கிக்கொண்டு, கால் தரையில் படாத குறையாக லயத்துக்கு இறங்கி ஓடினாய். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி விருந்துக்கு வந்திருந்தார். நம் துரைசாணி அவரிடம் சிங்களத்தில் சொன்னது, நான் தட்டை வைக்கக் குனிந்தபோது என் காதில் விழுந்தது. “குடும்பமாக வைத்துக்கொண்டால் எவ்வளவு வசதி பாருங்கள். ஒருத்தர் உடைத்தால் இன்னொருத்தர் சரிபண்ணிவிடுகிறார். வெளியே ஆள் தேடவே வேண்டாம்.” எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவருக்குத் தெரியும். ஒளித்துப் பேசவில்லை. நல்ல வார்த்தையாக நினைத்துத்தான் என் முன்னாலேயே சொன்னார். நான் சீனிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போனேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ டின்னைத் திறந்து வைத்திருக்கிறாய். தலை குனிந்தே திரிந்த உன் அப்பா ஒரு பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, உன்னிடம் மீட்டர் முள்ளைப்பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் நான் எப்படி மண் அள்ளிப் போடுவேன்? சொல்லாமல் விட்டேன். விட்டது எங்கே வந்து நின்றது பார். அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி, பிறகு ரேடியோ, பிறகு மழையில் கூரை மேல் ஏறி டெலிவிஷன் கம்பி. எது கெட்டாலும், “உன் மகனுக்குச் சொல்லி விடு” என்பார். நீயும் கடை வேலையைப் போட்டுவிட்டு வருவாய், முதலாளியிடம் ஏச்சும் வாங்குவாய். துரைசாணி கூப்பிட்டார் என்பதை நீ மரியாதையாக எடுத்துக்கொண்டாய். நான் அதை மணியாகக் கேட்டேன். ஹட்டன்வரைக்கும் கேட்கிற மணி.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன், உன்னைக் குத்திக்காட்ட இல்லை. அப்பாவுக்கு இருமல் கூடியிருந்தது. நீ பார்க்க வருகிறாய் என்று தகவல் வந்ததும் கருவாடு வாங்கி வரச் சொன்னார். குளித்து, பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தார். நீ பஸ்ஸை விட்டு இறங்கினதை லயத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஆனால் பங்களா கேட்டைத் தாண்டும்போது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். டெலிவிஷனில் படம் விழவில்லை. சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, கீழ் ரோட்டிலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போனாய். அப்பாவும் கையை ஆட்டினார். “நம்ம பய பெரிய வேலக்காரனாயிட்டான் புள்ள” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை அவருக்கு நாம்தான் போட்டுவிட்டோம். உன்மேல் அவருக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. எனக்கும் உன்மேல் இல்லை. எனக்கு அலுப்புத்தான் இருக்கிறது.

துரைசாணியைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுத்தார், அப்பாவின் காரியத்துக்கு லொறி அனுப்பினார், பிறகு நான் லயத்தில் தனியாகக் கிடக்க வேண்டாமென்று பின் காம்பராவையும் கொடுத்தார். கெட்டவராக இருந்தால் நான் எப்போதோ கிளம்பியிருப்பேன், அவ்வளவு சுலபம். போன வாரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி நூலில் சின்னதாக ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். பார்த்தால் குழந்தைக் காலுக்குப் போடுகிற மேசு. செல்வியின் பிள்ளைக்காம். “செல்வி வரட்டும். புள்ளயும் இங்கயே வளரட்டும், பாவம். பெரிசா வந்தா அதுக்கும் சின்னச் சின்ன வேலை பழக்கலாம். உன்னைப்போல நல்லா வரும்” என்றார்.

என் கையில் இருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. இன்னும் பிறக்கவில்லை, ஆணா பெண்ணா என்று நமக்கே தெரியாது, அதற்கு வேலை தயாராக இருக்கிறது. அதுவும் எவ்வளவு பிரியமாக!

“செல்வி வரமாட்டா நோனா” என்றேன்.

“ஏன்? உன் மகன் சரி சொல்லியாச்சே.”

“அவன் சொன்னாலும் அவ வரமாட்டா. அந்தப் புள்ளயும் வராது.”

அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான். அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் வாடிப்போய், “நாங்க உனக்கு என்ன குறை வச்சது?” என்று கேட்டார். குறை என்று ஒன்றை எடுத்துக் காட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். “ஒரு கொறையும் இல்லீங்க, எனக்குத்தான் முடியல” என்றேன்.

ஆகவே, மகனே, நீ யோசிக்க இதில் ஒன்றும் மிச்சம் இல்லை. மாதக் கடைசிவரை நான் இருக்கவில்லை. பின் காம்பராவைக் கூட்டிக் கழுவிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இதை உன் சித்தப்பா லயத்திலிருந்துதான் எழுதுகிறேன். முன்பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்திருக்கிறார், ஒரு பாய் விரிக்க இடம் போதும். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புத்தான். கேட்டிருந்தால் நீ நியாயம் பேசி என்னை ஜெயித்திருப்பாய். செல்வியின் பிள்ளைப்பேறுக்கு நான் ஹட்டனுக்கு வந்துவிடுகிறேன். அறை ஒழுகினால் வாளி வைத்துக்கொள்வோம். நீயும் இனிமேல் பங்களாவுக்குப் போக வேண்டுமென்றால், கடைக்காரனாகப் போ. சாமானைக் கடைக்குக் கொடுத்தனுப்பச் சொல், கூலி சொல், வாங்கு, வா. என் மகனாகப் போகாதே.

கிளம்பும்போது துரைசாணி வாசல்வரை வந்தார். குழந்தை மேசு இரண்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கூடவே அந்தக் குறட்டை மெஷினையும், தாங்கி வயரோடு சேர்த்து. அது மறுபடியும் செத்துக் கிடந்து ரொம்ப நாளாகிறது. “நீயே வச்சுக்க. மகன் சரி பண்ணித் தருவான்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். வாங்கிக்கொண்டேன். இந்தக் காம்பராவில் கரண்டு இல்லை, தரை சாணி மெழுகினது. அரிசித் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வந்தால் திறந்து பார், நீ மாட்டின சைக்கிள் டியூப் உள்ளே அப்படியே இருக்கும். பார்த்துவிட்டு மூடி வை. சரி பண்ண வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு வா. பங்களா கேட்டுக்கு முன்னால் இறங்காதே, கோயிலடியில் இறங்கிக் கீழ்ப்பாதையால் வந்துவிடு. அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவள், வந்ததும் எழும்பி அதை எடுக்கிறேன் இதைக் கழுவுகிறேன் என்று நிற்கவேண்டாம் என்று சொல்லிக் கூட்டி வா. தேத்தண்ணி நான் ஊற்றித் தருகிறேன். நானும் அவளும் உட்கார்ந்து முழுக் கோப்பையும் குடிப்போம்.

உன் அம்மா